மெல்ல மிதித்தால்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்தான் முதலில் தெரிந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ், நாற்பத்திரண்டு பெட்டி.
பதினேழாவதை எண்ணும்போது
பாதத்தின் கீழ் பிரேக் மிதி
பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கிச் சரிவதுபோல
தானாக இறங்கியது.
நான் அழுத்தவில்லை. விடவும் இல்லை.

பியட் ஒரு சாண் நகர்ந்து
முன்னால் நின்ற டிவிஎஸ்ஸைத் தொட்டது.
பின்னால் வெண்டைக்காய் மூட்டை கட்டியிருந்த அந்த அம்மா
திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.
நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"தொண்ணூத்தொண்ணு மாடல்ல, எங்கயாச்சும் லீக்கு இருக்கும்.
ஆயில் ஊத்தி ஓட்டுங்க சார்"
என்றார் கூத்தாநல்லூர் அமானுல்லா, போனில்.
போனில் எல்லா வண்டியும் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை. ஜாக்கி, எட்டு செங்கல், ஒரு டார்ச்.
நாலு சக்கரத்தையும் கழற்றினேன்.
டிரம்முக்குள் விரல் விட்டால் தூசி.
குழாய் நெடுகப் பழைய வேட்டியால் துடைத்தால்
துரு, சேடை மண், எப்போதோ செத்த பல்லி.
ஈரம் மட்டும் இல்லை.
ஆயில் டப்பாவில் வியாழக்கிழமை நான் பேனாவால் இட்ட கோட்டில்
ஆயில் அப்படியே நின்றது.

ஒழுகாமல் எப்படி இறங்கும்?

குணவதி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்,
ரேஷன் கடை ஸ்டாக் எடுக்கக் கிளம்பிய புடவையோடு,
ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு.
"ஓங்கி மிதி."
மிதித்தாள். கல்லாய் நின்றது.
"இப்ப மெதுவா. தோசைக்கல் சூடாயிடுச்சான்னு பாக்குற மாதிரி."
இறங்கியது, தரை வரைக்கும்.
"என்னங்க இது, அதட்டினா நிக்குது,
தன்மையா சொன்னா கேக்க மாட்டேங்குது?"

மூன்று ரப்பர் குழாய்களையும்
சைக்கிள் டியூப் சுற்றிய குறடுகளால் நெரித்தேன்.
சக்கரத்துக்குப் போகிற வழியெல்லாம் அடைத்தாயிற்று.
"மிதி."
அப்போதும் இறங்கியது.

அதுவரை அதை நான் காராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக
மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்குகிறவன்.
ஒரு முறைக்கால சமயம், மூணாம் கண் இப்படித்தான்.
பலகை அடிவரை இறங்கியிருந்தது, பூட்டின் சாவி என் டவுசர் பையில்.
கரையில் உடைப்பில்லை, எங்கும் நீர் சிந்தவில்லை.
ஆனாலும் மேலே அளவுகோல் குறையக் குறையக் கீழே கூடியது.
ஓர ரப்பர் தேய்ந்திருந்தது.
வெள்ளம் மோதும்போது பலகை சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.
சாதுவான தண்ணீருக்குத்தான்
அது வழி விட்டது.

டப்பா மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.
"மெதுவா. இன்னும் மெதுவா."
பட்டாணி அளவில் ஒரு சுழி.
முன்னே தள்ளிய ஆயில்
தள்ளுகிற கப்பைத் தாண்டி
பின்பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.
ஆற்றில் என்றால் பயந்திருப்பேன்.
இங்கே எழுந்து குதித்தேன், பானட்டில் தலை இடித்தது.

மாஸ்டர் சிலிண்டர் கிட், மன்னார்குடியில் நூற்றெண்பது ரூபாய்.
பியட்டுக்கா என்று இரண்டு தடவை கேட்டு ஏணி போட்டு எடுத்தார்கள்.
வீட்டில் பிரித்து, உள்சுவரில் நகத்தால் தடவினேன்.
நகம் ஓரிடத்தில் மாட்டியது.
கீறல்.
புது ரப்பரையும் அது தின்றுவிடும்.
திரும்ப மன்னார்குடி, அதே ஏணி,
முழு சிலிண்டர் ஆயிரத்து அறுநூறு.
கிட்டைத் திரும்ப வாங்க மாட்டார்களாம்.

அடுத்த வியாழன், அதே கேட்.
இந்த முறை காலி கூட்ஸ்.
நாற்பத்திரண்டு பெட்டிக்கும்
வேண்டுமென்றே மெல்ல மிதித்தபடி இருந்தேன்.
பாதத்தின் கீழ் அது அசையவில்லை.

முன்னால் டிவிஎஸ், இன்றைக்குக் கத்தரிக்காய் மூட்டை.
கண்ணாடியில் என் நம்பரைப் பார்த்துவிட்டு
அந்த அம்மா இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து
எனக்குப் பின்னால்
நிறுத்தினார்.